சட்டம் பயிலச் செல்லும் நம் பிள்ளைகள் எதை எழுதுவது?

(ஜமாஅத் கல்விக் குழுவின் சார்பில், கோவளத்தில் நடைபெற்ற மாணவர் – பெற்றோர் வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

நமது கல்விக் குழு ஆண்டுதோறும் கூட்டும் இந்த அமர்வில் வழக்கமாக மதிப்பெண், கல்விக் கட்டணம், உதவித்தொகை ஆகிய மூன்றைப் பற்றியே பேசி வந்திருக்கிறோம். பொறியியல் என்றும் மருத்துவம் என்றும் கேட்டு வந்த நம் பிள்ளைகளில் சிலர், அண்மைக் காலமாகச் சட்டம் படிக்க வழி என்ன என்று கேட்கத் தொடங்கியுள்ளனர். அல்ஹம்துலில்லாஹ், இது மகிழ்ச்சிக்குரிய மாற்றம். அவர்களுள் சிலர் மேலும் ஒரு கேள்வியைக் கொண்டு வருகின்றனர்: “வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பிக்கும்போது பர்சனல் ஸ்டேட்மெண்ட் ஒன்று கேட்கிறார்கள். அதில் எதைப் பற்றி எழுதுவது?” என்பதே அது. கேள்வி சிறியதாகத் தோன்றும். ஆனால் அதற்குள் நமது ஜமாஅத் முழுவதற்கும் தொடர்புடைய ஒரு பொறுப்பு அடங்கியிருப்பதால், இன்றைய உரையை அதற்கே ஒதுக்கியுள்ளோம்.

யாருக்கு இது தேவை?

முதலில் ஒரு தெளிவு. நம் ஊரிலிருந்து சட்டம் படிக்க விரும்பும் எல்லோருக்கும் இந்தக் கட்டுரை தேவையில்லை. பழைமை வாய்ந்த சென்னைச் சட்டக் கல்லூரி 2018-இல் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒன்று திருவள்ளூர் மாவட்டம் பட்டரைபெரும்புதூருக்கும், மற்றொன்று நமக்கு அருகிலுள்ள புதுப்பாக்கத்திற்கும் மாற்றப்பட்டது. கேளம்பாக்கம் – வண்டலூர் சாலையில் செல்லும் எவரும் அதனைக் காணலாம். அத்தகைய அரசு சட்டக் கல்லூரிகளில் சேர்வதற்குத் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணே அடிப்படை. கட்டுரை எதுவும் கேட்கப்படுவதில்லை. திருச்சிராப்பள்ளியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் போன்றவற்றிற்கு ‘கிளாட்’ எனும் நுழைவுத் தேர்வு உண்டு. இரண்டு மணி நேரத்தில் 120 கொள்குறி வினாக்கள். அங்கும் கட்டுரைக்கு இடமில்லை.

தன்விளக்கக் கட்டுரை என்று நாம் தமிழில் அழைக்கத்தக்க இந்தப் பர்சனல் ஸ்டேட்மெண்ட், பிரிட்டனில் எல்.எல்.பி. படிக்க விண்ணப்பிப்போருக்கும், பட்டம் பெற்ற பின் அமெரிக்கச் சட்டப் பள்ளிகளுக்கு விண்ணப்பிப்போருக்கும், எல்.எல்.எம். மேற்படிப்பு நாடுவோருக்கும் தேவைப்படுகிறது. செவனிங் போன்ற உதவித்தொகைகளுக்கும் இதையொத்த கட்டுரைகள் உண்டு. புதுப்பாக்கத்தில் படித்துவிட்டு மேற்படிப்புக்கு வெளிநாடு செல்ல எண்ணும் மாணவருக்கும் ஐந்தாண்டு கழித்து இது தேவைப்படும். ஆகவே இன்று பிளஸ் டூ படிப்போரும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

அவர்கள் கேட்பது என்ன?

பிரிட்டனில் ‘யூகாஸ்’ எனும் பொது அமைப்பின் வழியாகவே இளநிலைப் படிப்புகளுக்கு விண்ணப்பிக்க வேண்டும். முன்பெல்லாம் ஒரே நீண்ட கட்டுரையாக எழுத வேண்டியிருந்தது. 2026-ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து அது மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இந்தப் பாடத்தை ஏன் படிக்க விரும்புகிறீர்கள்? உங்கள் படிப்பு இதற்கு உங்களை எவ்வாறு ஆயத்தப்படுத்தியது? கல்விக்கூடத்திற்கு வெளியே நீங்கள் செய்தவை யாவை, அவை எவ்வகையில் பயனுள்ளவை? மூன்றுக்கும் சேர்த்து, இடைவெளிகள் உட்பட 4,000 எழுத்துகளே அனுமதி. ஒவ்வொரு விடையும் குறைந்தது 350 எழுத்துகள் இருக்க வேண்டும். ஒரே விண்ணப்பம் ஐந்து தேர்வுகளுக்கும் செல்லும் என்பதால், எந்த ஒரு பல்கலைக்கழகத்தையும் பெயர் சொல்லிப் புகழ்வதற்கு அதில் இடமில்லை. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் ஆகியவற்றிற்கு அக்டோபர் 15 கடைசி நாள். இவ்விரண்டு உள்ளிட்ட சில பல்கலைக்கழகங்களுக்குச் சட்டம் படிக்க ‘எல்நாட்’ என்ற தனித் தேர்வும் உண்டு.

அமெரிக்காவில் சட்டப் படிப்பு என்பது பட்டத்திற்குப் பிந்தைய படிப்பு. அங்கு கட்டுரையின் தலைப்பை மாணவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் உரிமை மிகுதி. உரிமை மிகுதியாவதால் திகைப்பும் மிகுதியாகிறது.

இக்கட்டுரையைப் படிப்போர் தேடுவது இரக்கத்திற்குரிய ஒருவரை அன்று. சிந்திக்கத் தெரிந்த ஒருவரை. ஒரு நிகழ்வைக் கண்டபோது அதற்குள் இருக்கும் கேள்வியை இவரால் காண முடிந்ததா, அக்கேள்வியைத் தொடர்ந்து சென்று எதையேனும் கற்றாரா என்பதையே அவர்கள் பார்க்கின்றனர். சட்டக் கல்வியின் அன்றாட வேலையும் அதுதானே!

எல்லோரும் எழுதுவது

நம் பிள்ளைகள் பேனாவை எடுத்தவுடன் முதலில் எழுதும் வாக்கியம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: “சிறு வயது முதலே நீதியின்பால் எனக்குத் தீராத தாகம் உண்டு.” அழகான வாக்கியம்தான். ஆனால் இதை எவரும் எழுதலாம். ஆகவே எழுதியவரைப் பற்றி இது எதையும் சொல்வதில்லை.

இதற்கு ஓர் உண்மை நிகழ்ச்சியைச் சொல்கிறோம். 2007-ஆம் ஆண்டில் யூகாஸ் அமைப்பு, ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மற்றும் மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்கு வந்த விண்ணப்பக் கட்டுரைகளைக் கணினியின் துணையோடு ஒப்பிட்டுப் பார்த்தது. எட்டு வயதில் வேதிப் பொருளைக் கொட்டி இரவு உடையில் ஓட்டை விழுந்தது, அன்றே அறிவியலில் ஆர்வம் பிறந்தது என்று 234 பேர் எழுதியிருந்தனர். எல்லோருக்கும் எட்டு வயது, எல்லோருக்கும் ஒரே ஓட்டை! இணையத்தில் கிடைத்த ஒரு மாதிரிக் கட்டுரையை அத்தனை பேரும் எடுத்தாண்டதே காரணம். நோயுற்ற முதிய பாட்டனாரைப் பற்றியும் 175 பேர் எழுதியிருந்தனர். அன்று முதல் யூகாஸுக்கு வரும் கட்டுரைகள் ஒப்பீட்டுச் சோதனைக்கு உட்படுத்தப்படுகின்றன. ஒற்றுமை தென்பட்டால் பல்கலைக்கழகத்திற்குத் தெரிவிக்கப்படும்.

ஏஜென்சிகளிடம் பணம் கொடுத்துக் கட்டுரை வாங்கித் தருகிறோம் என்று எண்ணும் பெற்றோர் இதை மனத்திற் கொள்ள வேண்டும். ஒரே ஏஜென்சி நாற்பது பிள்ளைகளுக்கு எழுதினால், அந்த நாற்பதிலும் அதே ஓட்டை விழுந்திருக்கும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளின் நிலையும் இதற்கு வேறன்று. 2023-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளி, விண்ணப்பதாரர் கட்டுரை எழுத இச்செயலிகளைப் பயன்படுத்தலாகாது என்று அறிவித்தது. அதே ஆண்டில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளி, பயன்படுத்தலாம், ஆனால் பயன்படுத்தியதையும் சொன்னவை உண்மை என்பதையும் உறுதியளிக்க வேண்டும் என்றது. பள்ளிக்குப் பள்ளி விதி மாறுவதால் விண்ணப்பிக்கும் முன் அந்தந்த விதியைப் படிப்பது கட்டாயம். முழுக் கட்டுரையையும் செயலியிடம் எழுதி வாங்கித் தன் சொல்லாகக் காட்டுவது ஏமாற்றாகக் கருதப்படலாம் என யூகாஸும் எச்சரித்துள்ளது. வழக்கறிஞராக விரும்புவோர் முதல் ஆவணத்திலேயே பிறர் சொல்லைத் தம் சொல்லாகக் காட்டிக் கையொப்பமிடுவது முறையாகுமா?

நம் ஊரின் பெரிய தலைப்புகள்

அடுத்து, நம் ஊருக்கே உரிய ஓர் இடறல் உண்டு. கோவளத்திற்கு வரலாறு உண்டு. ஆற்காட்டு நவாப் சஆதத்துல்லா கானின் காலத்துக் கோட்டையை 1752-இல் கிளைவ் கைப்பற்றித் தகர்த்தார். இதை விரிவாக எழுதினால் நல்ல வரலாற்றுக் கட்டுரை கிடைக்கும். ஆனால் அது கிளைவின் கதையாகுமே அன்றி மாணவரின் கதையாகாது.

ஆழிப் பேரலையும் அவ்வாறே. 2004 டிசம்பர் 26-ஐ நம்மில் மூத்தவர் எவரும் மறக்க இயலாது. ஆயினும் இன்று பிளஸ் டூ முடித்து விண்ணப்பிக்கும் பதினேழு வயதுப் பிள்ளைகள் அன்று பிறக்கவே இல்லை. பெற்றோர் சொல்லக் கேட்டதைத் தாம் பட்ட துன்பமாக எழுதுவது பொய். மாறாக, அவர்கள் கண்ணால் கண்டது ஒன்று உண்டு. அலை வடிந்து ஆண்டுகள் பல சென்ற பின்னும் கடலோரத்தில் எவ்வளவு தூரத்திற்குள் வீடு கட்டலாம், எது மீனவர்க்குரிய பொது இடம், வலை உலர்த்தும் மணலுக்குச் சான்று எது என்ற பேச்சு நம் தெருக்களில் ஓயவில்லை. 1991 பிப்ரவரி 19-இல் வெளியான கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடுகளை விதித்தது. 2011-இலும் 2019-இலும் அது மாற்றி எழுதப்பட்டது. 2021-இல் நம் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்று கிடைத்தது. தூய்மையான கடற்கரை சுற்றுலாவுக்கு வேண்டும். படகை ஏற்றி வைக்க மீனவர்க்கு மணல் வேண்டும். இவ்விரண்டையும் ஒரு விதி எவ்வாறு ஒருங்கே காக்கும் என்று கேட்கத் தெரிந்த பிள்ளை, பேரலையைக் காணாமலேயே தகுதியான ஒரு தலைப்பைக் கண்டுகொண்டது எனலாம்.

சிறியதைத் தேர்க

எனவே நாம் சொல்லும் முதல் விதி இது: நீங்கள் நேரில் நின்ற இடத்திலிருந்து, ஒரு விதியோ ஓர் ஆவணமோ மனித வாழ்வைத் தொட்ட சிறு நிகழ்வு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். ஒரு மாணவி விடுமுறை நாட்களில், எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுக்கிறார். ஒரு மூதாட்டியின் பெயர் நிக்காஹ் தஃப்தரில் ‘பாத்திமுத்து’ என்றும், குடும்ப அட்டையில் ‘பாத்திமா பீவி’ என்றும், வாக்காளர் அட்டையில் ‘பாத்திமாபீ’ என்றும் உள்ளது. விண்ணப்பம் திரும்பி வருகிறது. மூவரும் ஒருவரே என்று ஊருக்குத் தெரியும், அலுவலகத்திற்குத் தெரியவில்லை. இங்கே மாணவிக்குக் கேள்வி பிறக்கிறது. இந்த மூன்று ஆவணங்களில் சட்டம் எதை நம்பும்? ஏன்? ஜமாஅத்தின் தஃப்தர் சட்டத்தின் பார்வையில் எத்தகைய ஆவணம்?

இக்கேள்வியோடு அவர் படிக்கத் தொடங்கினால் எங்கெங்கோ செல்வார். திருமணங்கள் யாவும் மத வேறுபாடின்றிப் பதிவு செய்யப்பட வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2006-இல் கூறியதையும், அதன் பின் 2009-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் வந்ததையும், 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என அது சொல்வதையும் அறிவார். 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் பொது ஆவணம், தனியார் ஆவணம் எனப் பிரித்ததையும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் நடைமுறைக்கு வந்ததையும் அறிவார். பின்னர் அவர் எழுதும் முதல் வாக்கியம் “நீதியின்பால் தாகம்” என்றிராது. “ஒரே பெண்ணின் பெயர் மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக இருந்தது, அவற்றில் எதை நம்புவது என்பதற்கு ஒரு சட்டம் இருக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன்” என்றிருக்கும். இவ்வாக்கியத்தை வேறு 234 பேர் எழுத இயலாது.

யூகாஸின் மூன்று கேள்விகளுக்கும் இதுவே இடம் தரும். அந்த ஆவணக் கேள்வி முதல் விடைக்கு உரியது. அதைத் தொடர்ந்து படித்த நூல்களும், வரலாற்றுப் பாடமோ வணிகவியல் பாடமோ தந்த பயிற்சியும் இரண்டாவதற்கு. விண்ணப்பம் நிரப்பிய பணியும் அதில் கற்ற பொறுமையும் மூன்றாவதற்கு. அந்த மூதாட்டியின் உண்மைப் பெயரோ தெருவோ எங்கும் வரத் தேவையில்லை.

பெரிய வாழ்வுகளும் இவ்வாறு எளிய தொடக்கத்திலிருந்தே எழுந்துள்ளன. உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக 1989-இல் பொறுப்பேற்றவரும், 1997 முதல் 2001 வரை நம் மாநிலத்தின் ஆளுநராக விளங்கியவருமான பாத்திமா பீவி அவர்கள், பத்தனம்திட்டாவைச் சேர்ந்த நடுத்தரக் குடும்பத்தில் 1927-இல் பிறந்தவர்; 2023-இல் மறைந்தார். அறிவியல் பட்டம் பெற்ற அவரைச் சட்டம் படிக்கத் தூண்டியவர் அவருடைய தந்தையே. அன்னா சாண்டி என்ற பெண்மணி நீதித்துறையில் உயர்ந்து வந்ததைக் கண்டு, தம் மகளும் அவ்வழி செல்லட்டும் என அவர் விரும்பினார். இதில் பெருந்துயரமும் இல்லை, வீரச் செயலும் இல்லை. ஒரு தந்தை ஒரு முன்மாதிரியைக் கண்டார், மகள் உழைத்தார். “என் வாழ்வில் எழுதத்தக்க துன்பம் எதுவும் நேரவில்லையே” என வருந்தும் பிள்ளைகள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். துன்பம் நேராதது இறைவனின் அருள், அது குறையாகாது.

அடையாளத்தை மறைப்பதா, விற்பதா?

முஸ்லிம் என்பதைக் கட்டுரையில் சொல்லலாமா என்றும் சிலர் கேட்கின்றனர். 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், கல்லூரிச் சேர்க்கையில் இனத்தை ஒரு காரணியாகக் கொள்ளும் முறையைச் செல்லாது என்றது. அதே தீர்ப்பில், ஒரு மாணவர் தம் இனம் தம் வாழ்வை எவ்வாறு பாதித்தது என்று எழுதினால், அதில் வெளிப்படும் துணிவையும் திறனையும் பல்கலைக்கழகம் கருத்திற் கொள்ளத் தடையில்லை என்றும் கூறியது. அந்நாட்டு வழக்கு அந்நாட்டிற்குரியது. எனினும் அதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. அடையாளம் தானாக எதையும் மெய்ப்பிப்பதில்லை. அதனூடே நீங்கள் எதைச் செய்தீர்கள், எதைக் கற்றீர்கள் என்பதே பேசும். தொப்பியையும் முக்காட்டையும் மறைக்கவும் வேண்டாம். அவற்றைக் காட்டி இரக்கம் கோரவும் வேண்டாம். கேள்வியோடு தொடர்பு இருந்தால் இயல்பாக வரட்டும், இல்லையேல் விட்டுவிடுங்கள்.

ஜமாஅத்தில் கேட்டது அமானிதம்

பெரியோர்களே, இனி நாம் சொல்லப்போவதே இவ்வுரையின் தலையாய பகுதி.

நமது ஜமாஅத் அலுவலகத்தில் குடும்பப் பிணக்குகள் பேசப்படுகின்றன. கணவன் – மனைவி மனத்தாங்கல், மஹர், சீர்ப்பொருள், பாகப் பிரிவினை என வருவோர் நம்மை நம்பி வருகின்றனர். அங்கே தேநீர் கொண்டு வரும் இளைஞரும், குறிப்பெழுத உதவும் மாணவரும், சாட்சியாக வந்தவரின் மகனும் எல்லாவற்றையும் கேட்கின்றனர். சட்டம் படிக்க விரும்பும் பிள்ளைக்கு இதைவிடக் கனமான தலைப்பு வேறு எங்கே கிடைக்கும்? “எங்கள் ஜமாஅத்தில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்ததைக் கண்டு சட்டம் படிக்க முடிவு செய்தேன்” என்று எழுதத் தோன்றும். எழுதினால் படிப்போர் நெஞ்சம் கரையவும் கூடும்.

ஆனால் அந்தப் பெண்ணின் துயரம் அந்தப் பெண்ணுக்குரியது. மாணவரின் கல்லூரி இடத்திற்கு விலையாகக் கொடுக்க அது மாணவரின் சொத்து அன்று. பெயரை நீக்கிவிட்டால் போதும் என்பர் சிலர். நம் ஊர் பெரியதன்று. ‘மூன்று பிள்ளைகளின் தாய், கணவர் வளைகுடாவில்’ என்று இரண்டு வரி எழுதினாலே தெருவுக்குத் தெருவு ஆளைச் சொல்லிவிடுவர். கட்டுரை லண்டனுக்குத்தானே போகிறது என்றும் சொல்ல இயலாது. அதை நண்பர் திருத்துவார், ஆசிரியர் படிப்பார், தேர்வானபின் மாதிரிக் கட்டுரை என்று அடுத்த மாணவருக்கு அனுப்புவர். ஒரு நாள் அது அந்தப் பெண்ணின் மகளது கைப்பேசிக்கே வந்து சேரும். அதன் பிறகு எந்தத் தாய் நம்மிடம் வாய் திறந்து பேசுவார்?

வழக்கறிஞர் தொழிலின் அடித்தளமே கட்சிக்காரரின் இரகசியத்தைக் காப்பதுதான். சேர்ந்த பின் கற்க வேண்டிய அறத்தை, சேர்வதற்காகவே மீறுவது பொருத்தமற்றது. ஆகவே ஜமாஅத் அலுவலகத்தில் கேட்டதை எவரும் கட்டுரைப் பொருளாக்கலாகாது எனக் கல்விக் குழு அன்புடனும் உறுதியுடனும் கேட்டுக்கொள்கிறது.

அப்படியாயின் அந்த அனுபவம் வீணா? இல்லை. கதையை விட்டுக் கேள்வியை எடுத்துக்கொள்ளலாம். ஜமாஅத் செய்யும் சமரசத்திற்கும் நீதிமன்றத் தீர்ப்பிற்கும் என்ன வேறுபாடு? 2014 ஜூலையில் உச்ச நீதிமன்றம், ஃபத்வாவுக்கும் தாருல் கழாக்களின் முடிவுக்கும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஆற்றல் இல்லை, அவற்றை எவர் மீதும் திணிக்கலாகாது, விரும்பி ஏற்போர் ஏற்கலாம் என்று விளக்கியது. விரும்பி ஏற்பது என்றால் என்ன? தாய்வீட்டு ஆதரவும் கையில் காசும் இல்லாத ஒரு பெண் ‘சம்மதம்’ என்று சொல்லும்போது அது எத்தகைய சம்மதம்? இக்கேள்வி கூர்மையானது, நம்மையும் நோக்கிக் கேட்கப்படுவது. நம் பிள்ளைகள் அதைக் கேட்பதில் நமக்கு வருத்தம் இல்லை. எவருடைய வீட்டுக் கதையையும் சொல்லாமல் இக்கேள்வியை எழுதலாம் என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம். ஜமாஅத்தைக் குறை சொல்லக் கூடாது என்பதற்காக இவ்வேண்டுகோளை விடுக்கவில்லை. நம்பி வந்தவரைக் காக்கவே விடுக்கிறோம். இவ்வேறுபாடு எல்லோருக்கும் தெளிவாக வேண்டும்.

எந்தத் தலைப்பையும் எடுக்கும் முன் மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இது நான் நேரில் கண்டதா, செய்ததா? இதில் வரும் மனிதர் இதைப் படித்தால் என் முகத்தைப் பார்த்துப் பேசுவாரா? நேர்காணலில் இதைப் பற்றிப் பத்து நிமிடம் கேள்வி கேட்டால் என்னால் விடை சொல்ல முடியுமா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் எழுதலாம். ஒன்றில் தயக்கம் இருப்பினும் வேறு தலைப்பைத் தேடுங்கள்.

பெற்றோர்க்குச் சில சொற்கள்

பிள்ளையின் கட்டுரையை நீங்கள் எழுத முற்படாதீர்கள். உங்கள் சொல் நன்றாக இருக்கலாம். ஆனால் பதினேழு வயதின் சொல்லாக இராது. பிழை திருத்த உதவுங்கள், ஆண்டும் பெயரும் சரிபாருங்கள், அத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். மகன் என்றால் லண்டன், மகள் என்றால் வீட்டருகே என்று பிரிப்பதையும் மறு ஆய்வு செய்ய வேண்டுகிறோம். பாத்திமா பீவி அவர்களின் தந்தை எண்பது ஆண்டுகளுக்கு முன்பே அப்படிப் பிரிக்கவில்லை.

செலவையும் பின்விளைவையும் முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டுச் சட்டப் பட்டம் பெற்றோர் இந்தியாவில் வழக்கறிஞராகப் பதிவு செய்ய, அப்பல்கலைக்கழகத்தின் பட்டம் இந்திய பார் கவுன்சிலின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். அதன் தகுதித் தேர்விலும் தேற வேண்டும். இதை ஏஜென்சிகள் எப்போதும் எடுத்துச் சொல்வதில்லை.

வசதி இல்லாதவர் மனம் தளர வேண்டியதில்லை. ஷம்னாத் பஷீர் என்ற சட்டப் பேராசிரியர், பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியிலும் ஆக்ஸ்போர்டிலும் பயின்றவர், 2019-இல் மறைந்தார். வசதி குறைந்த மாணவர்களும் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் இடம் பெற வேண்டும் என எண்ணி, 2010-இல் ‘ஐடியா’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அது தகுதியுள்ள ஏழை மாணவரைத் தேர்ந்தெடுத்து நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி அளித்து, சேர்ந்த பின்னும் துணை நிற்கிறது. நம் பிள்ளைகளும் முயலலாம். புதுப்பாக்கத்தில் படிப்பதும் குறைந்த வழியன்று என்பதை அழுத்தமாகச் சொல்கிறோம்.

கல்விக் குழு செய்யவிருப்பது

கட்டுரை எழுதும் மாணவர்கள் விண்ணப்பக் கடைசி நாளுக்கு மூன்று மாதம் முன்பே தொடங்க வேண்டும். முதலில் தமிழிலேயே எழுதுங்கள். எண்ணம் தாய்மொழியில் தெளிந்த பின் ஆங்கிலத்திற்கு மாற்றுவது எளிது. எழுதியதை உரக்கப் படித்துப் பாருங்கள். நீங்கள் பேசாத சொல் வந்தால் நீக்குங்கள். பின்னர் கல்விக் குழுவிடம் கொண்டு வாருங்கள். நாங்கள் உங்களிடம் கேள்வி கேட்போம். உண்மை விவரங்களைச் சரிபார்ப்போம். மொழிப் பிழைகளைச் சுட்டுவோம். எங்களில் எவரும் ஒரு வரியும் எழுதித் தர மாட்டோம். கொண்டு வந்த கட்டுரையை வேறு எவருக்கும் காட்டவும் மாட்டோம். அதுவும் எங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே.

அன்பு மாணவச் செல்வங்களே! தர்காவும், கார்மேல் மாதா ஆலயமும், மீனவர் குப்பமும் அடுத்தடுத்து வாழும் ஊர் இது. விதிகளும் உரிமைகளும் மனிதர்களும் நாள்தோறும் சந்தித்துக்கொள்ளும் இடம். கண் திறந்து பார்த்தால் தலைப்புக்குப் பஞ்சமில்லை. உண்மையை எழுதுங்கள், உங்களுடையதை எழுதுங்கள், பிறர் மானத்தைக் காத்து எழுதுங்கள். இடம் கிடைத்தால் நன்றி செலுத்துவோம். கிடைக்காவிடினும், நேர்மையாக ஒரு பக்கம் எழுதப் பழகிய பிள்ளை நம் ஜமாஅத்திற்குக் கிடைத்திருக்கும்.

எல்லாம் வல்ல இறைவன் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதைப் பிறர்க்குப் பயன்படுத்தும் மனத்தையும் நல்கிடுவானாக! ஆமீன்.